தாதரில் இறங்குகிறவர்களுக்கு

திருநெல்வேலியிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வரும் சாளுக்யா எக்ஸ்பிரஸுக்கு மும்பையின் தாதர்தான் கடைசி நிலையம். வேலை தேடி வருகிறவர், தாராவியிலோ செம்பூரிலோ உறவினர் வீட்டுக்கு வருகிறவர், பரேல் டாடா புற்றுநோய் மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்து வருகிறவர் என எல்லோரும் இங்கே இறங்குகிறார்கள். கிளம்பும்போதே ஒரு மூட்டை யோசனையைக் கட்டிக் கொடுத்திருப்பார்கள்: பையை முன்பக்கம் மாட்டிக்கொள், ஆபீஸ் நேரத்தில் லோக்கலில் ஏறாதே, நாலு வார்த்தை இந்தி கற்றுக்கொள். இவற்றில் எதுவும் தப்பில்லை. ஆனால் புதிதாக வருகிறவருக்குச் சொல்லப்படும் யோசனைகளில் பெரும்பகுதி, அந்த ஊர் தன் பலகைகளில் எழுதி வைக்கத் தவறியதுதான் என்பது என் கட்சி. பலகை சொல்ல வேண்டியதைப் பலகை சொல்லிவிட்டால், வாயால் சொல்ல வேண்டியது கொஞ்சமாகவும் நினைவில் நிற்கக்கூடியதாகவும் இருக்கும்.

இதற்குத் தாதர் நிலையமே சாட்சி. மேற்கு ரயில்வேயும் மத்திய ரயில்வேயும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. நடைமேம்பாலங்கள் இரண்டுக்கும் பொதுதான், ஆனால் இரண்டு நிர்வாகமும் தனித்தனியே ஒன்றிலிருந்து பிளாட்பார எண்ணைத் தொடங்கியிருந்தன. ‘மூணாம் நம்பருக்கு வந்துவிடு’ என்று சொன்னால், எந்த மூன்று என்ற கேள்வி உடனே எழும். ‘வெஸ்டர்ன் மூணா, சென்ட்ரல் மூணா என்று கேட்டுக்கொள்’ என்பது பல பத்தாண்டுகளாக இந்த ஊரின் முதல் பாடமாக இருந்தது. 2023 டிசம்பர் 9ஆம் தேதி முதல் எண்கள் ஒரே வரிசையாயின. மேற்கு ரயில்வேக்கு 1 முதல் 7 வரை அப்படியே இருக்க, மத்திய ரயில்வேயின் பிளாட்பாரங்கள் 8 முதல் 14 வரை என்றாயின. அன்றோடு அந்தப் பாடம் தேவையற்றுப் போனது. தண்டவாளத்தையோ பாலத்தையோ யாரும் தொடவில்லை. பெயின்டும் பலகையும் அறிவிப்பும்தான் மாறின.

அப்போது ஒரு மறுப்பு கிளம்பியது. தினமும் வந்து போகும் லட்சக்கணக்கானவர்கள் பழைய எண்ணுக்குப் பழகியவர்கள், எப்போதோ வருகிறவருக்காக அவர்களைக் குழப்பலாமா என்று. நியாயமான கேள்விதான். ஆனால் தினசரிப் பயணி பலகையைப் பார்த்து நடப்பதில்லை. எந்தப் படியில் இறங்கினால் எந்தப் பெட்டி எதிரே நிற்கும் என்பது அவர் காலுக்கே தெரியும். எண் மாறினால் அவருக்குச் சில நாள் தொல்லை. மாறாவிட்டால் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் தொல்லை. ‘இப்போதுதான் எல்லாம் போனிலேயே இருக்கிறதே’ என்பது இன்னொரு மறுப்பு. லோக்கலின் நேரத்தைப் போன் சொல்லும். நெரிசலில் இடது படியா வலது படியா என்பதைச் சொல்லாது. ஒரு கையில் மருத்துவ ஃபைலும் மறு கையில் நோயாளியின் தோளுமாக நடக்கிறவருக்குப் போனை எடுக்க மூன்றாவது கை கிடையாது.

அப்படியானால் தமிழிலும் பலகை வேண்டும் என்று கேட்கலாமா? நான் கேட்க மாட்டேன். மராத்தியின் ஊரில் மராத்திதான் முதலில் நிற்க வேண்டும். நான் கேட்பது, எண் எழுதும் இடத்திலெல்லாம் நாம் வழங்கும் 1, 2, 3 என்ற வடிவமும் கூடவே கண்ணில் பட வேண்டும் என்பது மட்டுமே. நகரின் பெஸ்ட் பேருந்துகள் பலவற்றின் நெற்றியில் தடம் எண் தேவநாகரியில் இருக்கும். மற்ற வடிவத்தை அறியப் பக்கவாட்டுக்கு ஓட வேண்டும். தேவநாகரி ஒன்று, பழகாத கண்ணுக்கு ஒன்பதாகத் தெரியும். நான்கோ, மேலே வாய் திறந்த எட்டு போல இருக்கும். நிற்க வந்த பேருந்தைப் பார்த்து அரை நொடியில் முடிவெடுக்கிற இடத்தில் இது சின்னப் பிழையல்ல. நகரம் திருத்திக்கொள்ளும்வரை, வருகிறவர் நாலு வார்த்தை இந்திக்கு முன்னால் இந்தப் பத்து எண்களைக் கற்றுக்கொள்வது மேல். ஒரு மாலை போதும்.

இனி, எந்தப் பலகையாலும் முழுக்கச் சொல்ல முடியாதவை. தாதரில் ஆட்டோ கிடையாது. மேற்கே பாந்திராவோடும் கிழக்கே சயானோடும் ஆட்டோவின் எல்லை முடிகிறது. இங்கே கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான். முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 31 ரூபாய் என்பது 2025 பிப்ரவரியில் வந்த கட்டணம். மீட்டர் போடச் சொல்லிக் கேளுங்கள். கிழக்கே வெளியே வந்தால் ‘டிடி’ என்ற பெயர் காதில் விழும். டிராம் கடைசியாக நின்று திரும்பிய இடம் அது. பம்பாயில் டிராம் 1964இல் நின்றுபோனது, பெயர் இன்னும் புழங்குகிறது. எழுத்தில் அது கோதாதாத் சர்க்கிள். டாடா மருத்துவமனைக்குப் போகிறவர் கிழக்கு வாசலிலேயே வெளியேற வேண்டும். பாலம் ஏறி மேற்கே இறங்கினால் பூச்சந்தைக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வார். லோக்கலில் போவதானால் ஸ்லோ வண்டிதான்: பரேல் அடுத்த நிலையம். ஃபாஸ்ட்டில் ஏறினால் அது பரேலில் நிற்காமல் பைகுலாவுக்குக் கொண்டுபோய்விடும். மாட்டுங்காவுக்கும் இதே விதிதான்.

புற்றுநோயாளிகளுக்கு லோக்கலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் ஏற உரிமை உண்டு. சான்று கையில் இருக்க வேண்டும். சிகிச்சைக்கான நெடுந்தூரப் பயணத்தில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, கூட வருகிறவருக்கு 75 சதவீதம். அதற்குரிய படிவத்தில் மருத்துவமனை கையெழுத்திட வேண்டும். ஆகவே ஊர் திரும்பும் டிக்கெட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன், டாக்டரைப் பார்க்கிற அன்றைக்கே அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.