99.6 சதவீதம் சரி. லேபர் வார்டில் மரியாதை எத்தனை சதவீதம்?



தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21) சொல்கிறது. பெருமைதான். ஆனா அது கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாக நடந்து சம்பாதித்த பெருமை. மேடையில் கைதட்டு வாங்கும் எந்த அமைச்சரின் சொத்தும் அல்ல!

அந்தக் கணக்கு வாசலுக்கு வந்தவங்களை எண்ணுது. உள்ளே என்ன நடந்துச்சுன்னு யார் எண்ணுவது?

வலியில் கத்தின பொண்ணை அதட்டினாங்களா?
துணைக்கு ஆள் விட்டாங்களா?
மறைக்க ஒரு திரை இருந்துச்சா?
வயித்தை அமுக்கினாங்களா?
கேட்காமலே வெட்டித் தையல் போட்டாங்களா?
குழந்தையைக் காட்ட காசு கேட்டாங்களா?

இது நம்ம கற்பனைப் பட்டியல் இல்லை. விரும்பிய துணை வேண்டும், மரியாதை வேண்டும், வயிற்றை அமுக்கக்கூடாது, எல்லோருக்கும் வழக்கமாகத் தையல் போடக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே சொல்லிவிட்டது. பிரசவ அறைகளுக்கு மதிப்பெண் போடும் ஒன்றிய அரசின் 'லக்‌ஷ்யா' திட்டம் 2017-லேயே வந்துவிட்டது. சான்றிதழை மாட்டினால் போதுமா? எதில் கோட்டை விட்டோம்னு தாய்மாருக்குத் தெரிய வேண்டாமா?

அவமானத்துக்குப் பயந்து கடன் வாங்கித் தனியாருக்கு ஓடினா? அதே 2019-21 கணக்கெடுப்பில் அங்கே நூற்றுக்கு 64 பிரசவம் சிசேரியன். அரசு மருத்துவமனையில் 36. சுகப்பிரசவத்துக்கு ஏழைக்கு இருக்கிற நம்பிக்கையே அரசு மருத்துவமனைதான். அதனால்தான் கேட்கிறோம்.

பௌர்ணமிக்கு பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான பேருக்குப் பேருந்து, குடிநீர், காவல் என்று திட்டம் போடத் தெரிந்த திருவண்ணாமலை நிர்வாகமே! ஜவ்வாதுமலையில் இருந்து இறங்கி வரும் பெண்ணுக்கு ஒரு திரையும், பக்கத்தில் அவள் அம்மாவும் பெரிய கோரிக்கையா?

நர்ஸ் அக்காக்களோடு நமக்குச் சண்டை இல்லை. ஒருத்தரையே ஒரே நேரத்தில் பல பிரசவம் பார்க்க விட்டுவிட்டு 'அன்பா பேசு'ன்னா எப்படி? கேள்வி ஆள் போடாத அரசுக்கு.

நம் கோரிக்கை மூன்று:

1. பிரசவம் ஆன ஒவ்வொரு தாயிடமும், அந்த மருத்துவமனையைச் சேராத ஒருவர் வீட்டுக்குப் போய் இந்தக் கேள்விகளைக் கேட்கணும். முடிவை மாதாமாதம் வார்டு சுவரில் தமிழில் ஒட்டணும்.
2. பிரசவ அறையில் துணை என்பது சலுகை அல்ல, உரிமை.
3. செவிலியர் காலியிடங்களை நிரந்தரப் பணியாளர்களால் நிரப்பணும்.

உங்க வீட்டில், தெருவில் சமீபத்தில் பிரசவம் ஆன பெண்களிடம் கேளுங்க. பெயர் வேண்டாம், பதில் போதும். எழுதிக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு கூட்டத்துக்கு வாங்க. மனுவோடு நாங்க நிற்போம்.

உயிரோடு திரும்புவது மட்டும் போதாது. மானத்தோடும் திரும்பணும்!

#தாய்க்கு_மரியாதை #திருவண்ணாமலை