பதினொருவர் நடந்ததற்கு ஒருவர் தலையா?

பத்து ஆட்டங்கள். 2023இல் கேரளா பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளராக இருந்த இவான் வுகோமனோவிச் பத்து ஆட்டங்களுக்கு அணியின் பெஞ்சில் உட்காரக் கூடாது. உடைமாற்றும் அறைக்குள் கால் வைக்கக் கூடாது. 5 லட்சம் ரூபாய் அபராதமும் கட்ட வேண்டும். அந்த ஆண்டு மார்ச் 31 அன்று டெல்லியிலிருந்து அகில இந்திய கால்பந்து சம்மேளனம் அனுப்பிய இந்த உத்தரவைப் படித்தவர்கள் எல்லோருக்கும் எழுந்திருக்கும் கேள்விதான் நமக்கும்: இந்தப் பத்து எந்தக் கணக்கு?

மார்ச் 3 இரவு பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்தது தவறு. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஐஎஸ்எல் நாக்-அவுட் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், நடுவரின் முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக ஓர் அணி மைதானத்தை விட்டு வெளியேறினால், மறுநாள் தெருமுனை ஆட்டத்தில்கூட அதே நடக்கும். பயிற்சியாளர் எல்லைக்கோட்டுக்கு வந்து கையசைத்து வீரர்களை அழைத்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அந்தக் கையசைப்புக்கு அவர் பதில் சொல்லியே தீர வேண்டும். கிளப்பும் அவரும் மன்னிப்பும் கேட்டுவிட்டார்கள்.

ஆனால் உத்தரவு தண்டித்திருப்பது அந்தக் கையசைப்பை மட்டுமா? நடந்து வெளியேறியவர்கள் வீரர்கள். அவர்களில் ஒருவர் மீதும் தனியாக நடவடிக்கை இல்லை. வெளியேறிய குற்றத்துக்குக் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம். மிச்சமிருக்கும் கோபம் முழுவதும், வீரர்களின் ஆத்திரம் உட்பட, ஒரே மனிதரின் தலையில் இறங்கியிருக்கிறது. அணியில் ஒழுங்கு குலைந்தால் பயிற்சியாளரைப் பிடி என்ற பழைய சோம்பேறித்தனம் இது. ஒரு பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு எண்ணைப் போட்டால் கோப்பு மூடப்பட்டுவிடும்.

உத்தரவில் இதைவிட எரிச்சலூட்டும் பகுதி ஒன்று உண்டு. கிளப் ஒரு வாரத்துக்குள் பகிரங்கமாக மன்னிப்பு கேட்டால் அபராதம் 4 கோடி. கேட்காவிட்டால் 6 கோடி. பயிற்சியாளர் கேட்டால் 5 லட்சம். கேட்காவிட்டால் 10 லட்சம். அதாவது கிளப்பின் வருத்தத்துக்கு விலை 2 கோடி. பயிற்சியாளரின் வருத்தத்துக்கு விலை 5 லட்சம். ஆடித் தள்ளுபடியில் புடவைக்கு அட்டை மாட்டுவதுபோல மன்னிப்புக்கு விலைப்பட்டியல் மாட்டியிருக்கிறார்கள். இப்படி வாங்கப்பட்ட மன்னிப்பால் எந்த வீரன் என்ன ஒழுக்கம் கற்றுக்கொள்வான்? 2 கோடி மிச்சம் என்றால் எந்தக் கிளப்பும் மன்னிப்பு கேட்கும். கணக்கர் எழுதிக்கொடுக்கிற கடிதம் அது. மனம் வருந்தியவரையும் காசுக்காக வருந்தியவரையும் பிரித்தறிய முடியாதபடி செய்துவிட்டு, இதற்கு ஒழுங்கு நடவடிக்கை என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். பத்து ஆட்டத் தடைக்கு மட்டும் தள்ளுபடி கிடையாது. பணத்தில் வளைந்துகொடுத்தவர்கள் ஆட்டத்தில் வளையவில்லை. ஏன் எட்டு இல்லை, ஏன் ஐந்து இல்லை என்று ரசிகனுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இருந்தது.

எதனால் அந்த ஆத்திரம் மூண்டது என்பதையும் தண்டனைப் பட்டியல் தொடவில்லை. பிளாஸ்டர்ஸ் கோல்கீப்பர் கில் ஃப்ரீ கிக்குக்குத் தடுப்புச் சுவரை அடுக்கிக்கொண்டிருந்தார். எதிரணியான பெங்களூரு எஃப்சியின் சேத்ரி பந்தைத் தூக்கி, காலியாகக் கிடந்த வலைக்குள் போட்டார். விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் முன்பே சொல்லிவிட்டதாகச் சேத்ரி பின்னர் விளக்கினார். விரைவாக ஃப்ரீ கிக் எடுக்க விதி இடம் தருகிறது. நடுவர் சுவரைத் தள்ளி நிறுத்தி ஒழுங்குபடுத்த முனைந்துவிட்டாலோ, விசிலுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த நொடியில் ஆட்டம் இவ்விரண்டில் எந்த நிலையில் இருந்தது என்று இரு அணிக்கும் தெரியும்படி செய்ய வேண்டியவர் நடுவர். பிளாஸ்டர்ஸ் கொடுத்த புகார் சில நாள்களிலேயே நிராகரிக்கப்பட்டது. கோல் செல்லும் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த முறை இதே குழப்பம் வராமலிருக்க என்ன செய்யப்போகிறார்கள்? அபராதத் தொகை அளவுக்கு அந்தப் பதிலை யாரும் உரக்கச் சொல்லக் காணோம்.

பிற நாடுகளில் வேறு மாதிரி யோசிக்கிறார்கள். 2003 செப்டம்பரில் ஓல்ட் டிராஃபோர்டில் ஆர்சனல் வீரர்கள் மான்செஸ்டர் யுனைடெட்டின் வான் நிஸ்டல்ராயைச் சூழ்ந்து நின்று தள்ளிய காட்சி இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கிளப்புக்கு 1,75,000 பவுண்டு அபராதம். லாரனுக்கு நான்கு ஆட்டம், கியோனுக்கு மூன்று, வியெராவுக்கும் பார்லருக்கும் ஒவ்வொன்று. யார் தள்ளினாரோ அவர் பெயருக்கு நேராகத் தண்டனை. பயிற்சியாளர் வெங்கரின் தலை உருளவில்லை. அந்த சீசன் முழுவதும் அவரது அணி லீக்கில் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 2006 உலகக் கோப்பை இறுதியில், பின்னாளில் சென்னையின் எஃப்சிக்குப் பயிற்சியாளராக வந்த மட்டெராசியின் மார்பில் ஜிதான் தலையால் முட்டினார். தண்டனை அவ்விருவருக்கும்தான். 2014 உலகக் கோப்பையில் சுவாரஸ் எதிரணி வீரரைக் கடித்ததற்கு உருகுவே பயிற்சியாளர் தபரேஸின் மீது யாரும் தடை போடவில்லை.

பயிற்சியாளரை அணியின் ஒழுங்கை வைத்து எடைபோட்டுப் பார்த்த நாடும் உண்டு. 2010இல் தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையின்போது பிரான்ஸ் வீரர்கள் பயிற்சிக்கு வர மறுத்துப் பேருந்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் எழுதிய அறிக்கையைப் பயிற்சியாளர் டொமெனெக்கே வாசித்தார். பிறகு கடும் தவறிழைத்தார் என்று அவரை நீக்கினார்கள். அவர் வழக்குக்குப் போக, கடைசியில் அவருக்கே பணம் கொடுத்துச் சமரசம் ஆனார்கள். அந்தப் பாடத்தை இங்கே யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

வெளிநாட்டுப் பாடம் வேண்டாம், சொந்தப் பாடத்தையாவது நினைவில் வைத்திருக்கிறார்களா? 2012 டிசம்பர் 9, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரான ஆட்டத்தில் பார்வையாளர் பகுதியிலிருந்து பறந்து வந்த கல் மோகன் பகான் வீரர் ரஹீம் நபியின் முகத்தைப் பதம் பார்த்தது. இடைவேளைக்குப் பிறகு மோகன் பகான் களமிறங்கவில்லை. இதே சம்மேளனம் அன்று இடி முழக்கத்தோடு ஐ-லீகிலிருந்து இரண்டாண்டுத் தடை என்றது. ஜனவரி பாதி தாண்டுவதற்குள் தடை பறந்தது. 2 கோடி அபராதத்தோடும் புள்ளிப் பறிப்போடும் விவகாரம் முடிந்தது. அன்றே ஒரு நிலையான அளவுகோல் வகுத்திருந்தால் 2023இல் பத்தா, ஐந்தா என்று நாம் கேட்டிருக்க மாட்டோம்.

இனி ஒழுக்கம் போதிப்பவர்களின் ஒழுக்கத்துக்கு வருவோம். சம்மேளனத் தலைவரின் பதவிக்காலம் 2020இலேயே முடிந்தும் தேர்தல் நடத்தாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தது யார்? அதனால் உச்ச நீதிமன்றம் தலையிட, அதையே காரணம் காட்டி 2022 ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. சுதந்திரத்தின் பவளவிழா நாளில் தேசத்துக்குக் கிடைத்த பரிசு அது. ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை போய் இறங்கிவிட்ட கோகுலம் கேரளா பெண்கள் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார்கள். அந்தப் பெண்கள் செய்த ஒழுங்கீனம் என்ன? அவர்களிடம் யார் மன்னிப்பு கேட்டார்கள், எத்தனை கோடி அபராதம் கட்டினார்கள்? அதே ஆண்டில் தேசிய அணிக்கு ஊக்கமூட்ட 16 லட்சம் ரூபாயில் ஜோதிட நிறுவனத்தை அமர்த்தியதாக வந்த செய்தியைப் படித்து நாடே சிரித்தது. அதற்குப் பிறகு முகங்கள் மாறியிருக்கலாம். அவசரத்தில் தண்டிப்பதும், தன் வீட்டுக் குப்பையைப் பார்க்காததும் மாறவில்லை. வீரர்களின் நடத்தைக்குப் பயிற்சியாளர் பொறுப்பென்றால், கால்பந்தின் நடத்தைக்கு அதன் நிர்வாகிகள் பொறுப்பில்லையா? அந்த அளவுகோலில் இவர்களுக்கு எத்தனை ஆட்டத் தடை?

2023 ஏப்ரல் 8 அன்று கோழிக்கோட்டில் பிளாஸ்டர்ஸ் சூப்பர் கோப்பையைத் தொடங்கியது. சொந்த மாநிலத்தில், சொந்த ரசிகர்கள் முன்னால், பயிற்சியாளர் இல்லாமல். மைதானத்தை விட்டு நடந்த வீரர்களுக்கோ தடை இருக்கவில்லை.

பயிற்சியாளரை அவர் செய்ததற்காகத் தண்டியுங்கள். மற்றவர்கள் செய்ததற்காகத் தண்டிக்காதீர்கள். தண்டனைகளுக்கு எல்லோரும் அறிய ஓர் ஒழுங்கு வேண்டும்; நடுவர் பணியைச் சீர்செய்ய வேண்டும்; தீர்ப்புக்குக் காரணம் சொல்லும் பழக்கமும் வர வேண்டும். பத்து ஆட்டத் தடையை மறுபரிசீலனை செய்வதில் அதைத் தொடங்கியிருக்கலாம். பிறரிடம் ஒழுக்கம் கேட்பவர்கள் முதலில் அதைத் தங்கள் அலுவலகத்தில் காட்டட்டும்.