இன்னொரு பிரஷர்

ஆபீஸில் நாற்பதைத் தொட்ட ஆசாமிகளைக் கேட்டுப் பாருங்கள். ஜன்ம நட்சத்திரம் மறந்திருக்கும், பி.பி. மறந்திருக்காது. 'நூத்தி முப்பதுக்கு எம்பத்தஞ்சு சார், உப்பைக் குறைச்சுட்டேன்' என்று மார்க் ஷீட் மாதிரி ஒப்பிப்பார்கள். இளவட்டங்களோ, 'நமக்கு மேனேஜர் குடுக்கிற பிரஷர் மட்டும்தான்' என்று ஜோக்கடித்துவிட்டு டீ சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள்.

இரண்டு கட்சிக்கும் ஒரு சேதி. உடம்பில் இன்னொரு பிரஷர் இருக்கிறது. கையில் பட்டை கட்டிப் புஸ் புஸ்ஸென்று அமுக்குகிற மெஷினுக்கு அது தெரியவே தெரியாது.

இதயம் ஒரு ரெட்டைக் குடித்தன வீடு. இடது போர்ஷன்காரர் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ரத்தம் அனுப்புகிறார். அந்த அழுத்தம்தான் 120/80. வலது போர்ஷன்காரருக்குப் பக்கத்து வீட்டு டெலிவரி மட்டும், அதாவது நுரையீரலுக்கு. அதற்கு 25/10 போதும், சராசரி சுமார் 14. வேலை லேசு, அதனால் ஆளும் மெல்லிசு. நுரையீரல் ரத்தக் குழாய்கள் குறுகினாலோ, அடைத்துக்கொண்டாலோ, அதற்கு அப்பால் டிராஃபிக் ஜாம் ஆனாலோ அந்தச் சராசரி 20-ஐத் தாண்டும். (முன்பு 25 என்று கோடு போட்டிருந்தார்கள். 2018-ல் நிபுணர்கள் கூடி 20-க்கு இறக்கினார்கள்.) இதுதான் பல்மனரி ஹைப்பர்டென்ஷன். மெல்லிசு மனிதர் மூட்டை தூக்கித் தூக்கி முதலில் வீங்குவார், அப்புறம் தளர்ந்து போவார். வெளியே தெரிவது மூச்சிரைப்பு, அசதி, கால் வீக்கம், சமயத்தில் மயக்கம். இவ்வளவையும் நம் வீடுகளில் மூன்றே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்: கேஸ், வயசு, ரத்தம் கம்மி.

இது ஒரே வியாதியும் இல்லை. ஐந்து கோஷ்டி.

முதல் கோஷ்டியை நான் பெரம்பலூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் சந்தித்தேன். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் சீட்டை நீட்டினார். சில்டெனாஃபில். கவுண்டர் பையன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பக்கத்துப் பையனிடம் கண்ணடித்தான்.

"தாத்தா, உங்களுக்கா?"

"இல்லப்பா, பேத்திக்கு. நெஞ்சுல பிரஷராம். மூணு வேளை போடணுமாம்."

கடையில் சத்தமே இல்லை. பையன் தலையைக் குனிந்துகொண்டு மாத்திரையை எண்ணினான்.

அந்த மாத்திரை நெஞ்சுவலிக்கென்று ஆராயப்பட்டு, 1998-ல் வேறு சமாச்சாரத்துக்கு உலகப் புகழ் அடைந்தது. 2005-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்கும் அனுமதி கிடைத்தது. நுரையீரலின் குட்டிக் குழாய்களே தடித்துக் குறுகுவது முதல் வகை. இளம் பெண்களுக்கு அதிகம். பரம்பரை, பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, சிலவகை மூட்டு-தோல் நோய்கள் காரணமாகலாம், ஒன்றுமே இல்லாமலும் வரலாம். 1960-களின் கடைசியில் ஸ்விட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மனியில் அமினோரெக்ஸ் என்ற இளைக்கிற மாத்திரை சாப்பிட்ட பலருக்கு வந்தது. தொப்பை கரைக்க யாராவது பெயர் தெரியாத மாத்திரை நீட்டினால் இது ஞாபகம் இருக்கட்டும்.

இரண்டாவது வகை, இதயத்தின் இடது பக்கக் கோளாறு. உலகத்தில் இதுதான் அதிகம். சின்ன வயதில் தொண்டைப் புண், தொடர்ந்து மூட்டு வலி, ஜுரம். 'வளர்ற புள்ளைக்கு வர்றதுதான்' என்று விட்டுவிடுவோம். ருமாட்டிக் ஜுரம் மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் என்பார்கள் பழைய டாக்டர்கள். வால்வு சுருங்கி, ரத்தம் நுரையீரலில் தேங்கும். பல பெண்களுக்குக் கர்ப்பத்தின்போதுதான் குட்டு வெளிப்படும்.

மூன்றாவது, நுரையீரலே கெட்டுப்போவது. பீடி, சிகரெட், விறகடுப்புப் புகை, கல் தூசி. அரியலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"பதினெட்டு வருஷம் கிரஷர்ல சார். கர்சீப் கட்டிப்பேன்."

"எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

"டி.பி. இல்லைன்னுட்டாங்க. அத்தோட விட்டுட்டேன்."

கருங்கல்லில் குவார்ட்ஸ் உண்டு. அதன் நுண்தூசிக்குக் கர்சீப் ஒரு தடையே இல்லை. வருஷக்கணக்கில் உள்ளே போனால் சிலிகோசிஸ், நுரையீரல் முழுக்க வடு. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் வேறு ஜாதி. கோடிக்கணக்கான வருஷம் முன்பு அங்கே இருந்த கடலின் சொத்து. சிலிக்கா குறைவு, அதற்காக அந்தத் தூசி மூலிகைப் புகை ஆகிவிடாது. 'அரியலூர்லயே 2022-லேர்ந்து கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் இருக்குங்க. போய் மூச்சு வாங்குதுன்னு மட்டும் சொல்லாதீங்க, என்ன வேலை பார்த்தீங்கன்னும் சொல்லுங்க' என்றேன். டாக்டர் கேட்க மறந்தாலும் நாம் சொல்ல வேண்டிய முதல் தகவல் அது.

நான்காவது, ரத்தக் கட்டி. காலில் உறைந்தது நுரையீரலுக்கு ஓடிப்போய் அங்கேயே குடியேறிவிடுவது. சிலருக்கு ஆபரேஷனில் அந்தக் கட்டியை உரித்தெடுத்து அநேகமாக முழுசாகவே குணப்படுத்தலாம். ஐந்தாவது, இதிலெல்லாம் அடங்காத இத்யாதி: சிறுநீரகம் பழுதானது, சிக்கிள் செல் ரத்தசோகை வகையறா.

இத்தனை கணக்கு எதற்கு? முதல் கோஷ்டிக்கு உயிர் கொடுக்கிற மாத்திரை இரண்டாவது கோஷ்டிக்கு நுரையீரலில் நீர் கோக்க வைக்கலாம். நான்காவதை மாத்திரையிலேயே ஓட்டினால் கத்தியில் தீருவதைத் தவறவிடுவோம். வகை தெரியாத வைத்தியம் அட்ரஸ் எழுதாத கவர்.

எக்கோ ஸ்கேன் சந்தேகத்தைக் கிளப்பும். தீர்ப்புச் சொல்வது, ரத்தக் குழாய் வழியே வலது இதயத்துக்குள் மெல்லிய டியூபை விட்டு அளப்பதுதான். 1929-ல் ஜெர்மனியில் ஃபோர்ஸ்மன் என்கிற இளம் டாக்டர் தன் கை நரம்பிலேயே டியூபை ஏற்றி, அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படமெடுத்துக்கொண்டார். மேலதிகாரிகள் திட்டினார்கள். 1956-ல் நோபல் பரிசில் பங்கு கொடுத்தார்கள்.

நாம் அவ்வளவு வீரம் காட்ட வேண்டாம். வீட்டில் அம்மா பாதி மாடிப்படியில் நின்று, 'ஒண்ணுமில்லடா, கொஞ்சம் இரைக்குது' என்றால், கையில் 120/80 பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடாதீர்கள். 'எக்கோ பார்க்கலாமா டாக்டர்?' என்று கேளுங்கள். நுரையீரல் பிரஷர் ஜாஸ்தி என்று வந்தால் அடுத்த கேள்வி: 'அஞ்சுல எது சார்?'

டாக்டர் முறைக்கலாம். முறைக்கட்டுமே, நம் மேனேஜர் முறைக்காததா!