வண்டலூரில் கொஞ்சம் நின்று பாருங்கள்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது, சென்னையிலும் செங்கல்பட்டுப் பக்கமும் பல வீடுகளில் காணும் பொங்கலுக்கு எங்கே போவது என்ற பேச்சு தொடங்கியிருக்கும். மெரினாவில் கால் வைக்க இடமிருக்காது என்பார் பெரியவர். வண்டலூர் போகலாம் என்பார்கள் பிள்ளைகள். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு கிளம்பும் அந்தக் குடும்பங்களை நினைத்துத்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

வண்டலூரில் உள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா சுமார் 600 ஹெக்டேர் பரப்புள்ளது. அதை ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். நாலைந்து விலங்குகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் முன்னும் அரைமணி நேரமாவது நில்லுங்கள். வந்த களைப்புக்குப் பலன் அப்போதுதான் கிடைக்கும்.

இந்தப் பூங்காவின் கதை 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கியது. அதன் பொறுப்பில் இருந்த மருத்துவர் எட்வர்டு பால்ஃபர், உயிருள்ள விலங்குகளைப் பார்க்க மக்கள் திரண்டு வருவதைக் கண்டு அங்கேயே ஒரு விலங்குக் காட்சிசாலையை உருவாக்கினார். ஆற்காடு நவாபும் தம்மிடமிருந்த விலங்குகளைக் கொடுத்து உதவினார். பிறகு அது சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் இதை 'உயிர் காலேஜ்' என்றும் சென்னைவாசிகள் அழைத்த காலம் அது. நம் வாசகர்களில் மூத்தவர்கள் சிலருக்கு அந்த இரும்புக் கம்பிகளும், வெளியே ஓயாத வண்டிச் சத்தமும் நினைவிருக்கும். 1985-இல் முதல்வர் எம்.ஜி.ஆர். வண்டலூர்ப் பூங்காவைத் திறந்துவைத்தபோது விலங்குகளுக்குக் கிடைத்தது வெறும் இடமாற்றம் மட்டுமல்ல. பெரிய விலங்குகள் பலவற்றுக்குக் கம்பி போய் அகழி வந்தது. அகழிக்கு அப்பால் மரமும் புதரும் நிழலும் வந்தன. ஒரு புலி விரும்பினால் நம் கண்ணில் படாமல் படுத்துக்கொள்ள முடிந்தது.

"டிக்கெட் எடுத்தும் புலி தெரியலையே" என்று வருத்தப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். மறைந்துகொள்ள இடம் கிடைத்த விலங்குதான் நிம்மதியாக இருக்கும். புலியும் சிங்கமும் நாளின் பெரும்பகுதியைத் தூக்கத்திலும் படுக்கையிலும் கழிப்பவை. வெயில் ஏறியபின் அவை எழுந்து உலாவும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. காலையிலேயே போய்விடுங்கள்.

எங்கே நிற்பது என்று கேட்டால், முதலில் குரங்குகளிடம் என்பேன். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இரண்டு குரங்குகள் இங்கே உண்டு. ஒன்று சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு. கரிய உடல், முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். இன்னொன்று நீலகிரிக் கருமந்தி. இரண்டும் கறுப்புதான், ஆனால் சாப்பிடும்போது கவனியுங்கள். சோலைமந்தி கிடைத்ததை எல்லாம் முதலில் கன்னப்பையில் அடைத்துக்கொள்ளும். கன்னம் உப்பியபின் ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்து நிதானமாக மெல்லும். கருமந்திக்குக் கன்னப்பை கிடையாது. அது இலை தின்னும் குரங்கு. பல அறைகள் கொண்ட அதன் வயிறு, இலையை நொதிக்க வைத்து மெல்ல மெல்லச் செரிக்கும். அந்த வயிற்றுக்குள் நாம் வீசும் பிஸ்கட்டும் சிப்ஸும் போனால் என்ன ஆகும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள்.

கருமந்திக்கு நாம் இழைத்த கொடுமை கொஞ்சமில்லை. லேகியம், ரசாயனம் போன்ற நாட்டு மருந்துகளுக்கு என்று சொல்லிக் காடு காடாக அதை வேட்டையாடினார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துதான் அது ஓரளவு தப்பியது. சோலைமந்தியின் சிக்கல் வேறு. மர உச்சியிலேயே வாழப் பழகிய அது, காடு துண்டுபட்டதால் தரைக்கு இறங்கி, வாகனங்களில் அடிபடுகிறது. வால்பாறையில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதன்மேல் மந்திகள் கடந்து போகின்றன. இப்படிப்பட்ட செய்திகளைத் தெரிந்துகொண்டு அந்த அகழிக்கு முன்னால் நின்றால், பார்வையே மாறிவிடும்.

மாட்டுப் பொங்கலன்று வீட்டு மாட்டுக்குப் பொட்டு வைத்த பிள்ளைகள் மறுநாள் காட்டுமாட்டையும் பார்க்கட்டும். உலகில் இன்று வாழும் காட்டு மாட்டினங்களில் மிகப் பெரியது இதுதான். நான்கு கால்களிலும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல இருக்கும். நம் வீட்டு மாட்டின் மூதாதை இதுவல்ல. அந்த மூதாதை இனம் உலகிலிருந்தே அழிந்துவிட்டது. அதன் கடைசி விலங்கு 1627-இல் போலந்தில் இறந்தது. அந்த வரிசையில் காட்டுமாடும் சேராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது.

வெள்ளைப்புலியின் முன்தான் எப்போதும் கூட்டம் அதிகம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது தனி இனமல்ல. வங்கப்புலியிடம் மிக அரிதாக வெளிப்படும் ஒரு மரபணுவின் விளைவு அது. 1951-இல் ரேவா மன்னர் பிடித்து வளர்த்த 'மோகன்' என்ற புலியின் வழியில் வந்தவையே காட்சிசாலைகளில் காணும் வெள்ளைப்புலிகளில் மிகப்பெரும்பாலானவை. ரத்த உறவுக்குள்ளேயே இணைசேர்த்துப் பெருக்கியதால் பலவற்றுக்கு உடற்குறைகளும் உண்டு. என்னைக் கேட்டால், புதருக்குள் கோடும் நிழலுமாகக் கலந்து படுத்திருக்கும் சாதாரணப் புலியைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரிய சந்தோஷம்.

பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஓட்டேரி ஏரியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் இந்த மாதங்களில் கூழைக்கடா, கரண்டிவாயன், நீர்க்காகம், வக்கா எல்லாம் அங்கே வந்து தங்கும். யாரும் அடைத்து வைக்காத பறவைகள் அவை. கரண்டிவாயன் தண்ணீருக்குள் அலகை இடமும் வலமுமாகத் துழாவி இரை தேடுவதைப் பார்க்க, ஒரு பழைய தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போங்கள்.

இனி நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். கத்தாதீர்கள், கல்லெறியாதீர்கள், உணவு வீசாதீர்கள். காட்சிசாலை விலங்கைச் சீண்டுவதும் அதற்குத் தீனி போடுவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பக்கத்தில் ஒருவர் அப்படிச் செய்தால் பணிவாகத் தடுங்கள். காணும் பொங்கலன்று கூட்டம் நெரியும். முடிந்தவர்கள் வேறொரு நாளைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதையும் மறக்க வேண்டாம். போய் வந்ததும், உங்கள் பிள்ளைகள் ஒரே விலங்கின் முன் அரைமணி நேரம் நின்று கவனித்ததை அவர்கள் கையாலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த இதழில் அவற்றுக்குப் பக்கங்கள் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்