எது இல்லாத பிளேன்?

சனிக்கிழமை காலை ஆங்கில வகுப்பு. பன்வில பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வத்தேகமவுக்கு வரும் பிள்ளை ஒருத்தி கொப்பியை நீட்டினாள். பாடத்தில் ஒரு பொலிஸ்காரர் 'பிளேன்' உடுப்பில் வருகிறார். அதைத் தமிழில் 'சமவெளி உடுப்பு' என்று எழுதியிருந்தாள். மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவள் முகம் சுருங்கிப் போனது.

"டிக்சனரியில அதுதான் சேர் போட்டிருக்கு. அதுக்குக் கீழ இன்னும் ஏழெட்டுக் கருத்து இருக்கு. எத எழுதுறது?"

அவளை எப்படிக் குறை சொல்வது? சமவெளிக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். எளிமை, தெளிவு, அலங்காரமின்மை, அழகின்மை, ஒளிவுமறைவின்மை என்று ஒரே சொல்லின் கீழ் இத்தனை பொருள் குவிந்து கிடந்தால், எந்தப் பிள்ளைதான் திகைக்காது?

"வீட்டில பிளேன்டீ குடிக்கிறதுதானே?" என்று கேட்டேன்.

"ஓ சேர், தெனமும்."

"அதுல எது இல்ல?"

"பால்."

"அப்ப இந்தப் பொலிஸ்காரர்ட உடுப்புல எது இல்ல?"

கொஞ்சம் யோசித்தாள். "யூனிபோம்!" என்றாள்.

அன்று முழுவதும் நாங்கள் வேறு பாடம் நடத்தவில்லை. 'எது இல்லை?' என்ற அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, 'பிளேன்' என்ற சொல் புழங்கும் இடமெல்லாம் சுற்றி வந்தோம். இந்தச் சொல் எப்போதும் ஒன்றின் இன்மையைத்தான் சொல்கிறது. எதன் இன்மை என்பதை மட்டும் வெளியே சொல்லாது. அது அந்தந்தத் தொழில்காரருக்குத் தெரியும்.

அப்பக்கடையில் பிளேன் அப்பம் என்றால் முட்டை இல்லை. கேக் போடுகிற அக்காமாருக்குப் பிளேன் மா என்றால் பேக்கிங் பவுடர் கலக்காதது. ஆஸ்பத்திரியில் பிளேன் எக்ஸ்ரே என்று துண்டில் எழுதினால், உள்ளுறுப்புகளைத் துலக்கிக் காட்டும் மருந்தைக் குடிக்கவோ ஊசியில் ஏற்றவோ தேவையில்லை, அப்படியே படம் எடுக்கலாம். மேசன் பாஸ் சொல்லும் பிளேன் கொங்கிரீட்டில் கம்பி கிடையாது. அது பாரத்தைச் சுமக்கும், ஆனால் இழுத்தால் விரிசல் விட்டுவிடும். அழுத்தத்தைத் தாங்கும் வலுவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அதற்கு இழுவையில் உண்டு. அத்திவாரத்துக்கு அடியில் அதை விரிக்கலாம், தலைக்கு மேலே சிலெப்பாகப் போட முடியாது.

துணியில்தான் இந்தச் சொல்லின் முகம் நன்றாகத் தெரிகிறது. டவுனில் துணிக்கடைக்காரரிடம் பிளேன் சாரம் கேட்டால், கட்டமோ கோடோ இல்லாத ஒற்றை நிறச் சாரத்தை எடுத்துப் போடுவார். அதே கடையில் தொங்கும் கட்டம் போட்ட சாரத்தை ஒரு நெசவாளியிடம் காட்டினால், 'இதுவும் பிளேன்தான்' என்பார். அவர் நிறத்தைப் பார்ப்பதில்லை, நூல் போகும் வழியைப் பார்க்கிறார். ஊடை நூல் ஒரு பாவு நூலுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே, திரும்பவும் மேலே என்று ஒன்றுவிட்டு ஒன்று போனால், எத்தனை நிறம் இருந்தாலும் அது பிளேன் நெசவு. ஒரே துணி, ஒரே சொல். கடைக்காரர் இல்லை என்கிறார், நெசவாளி ஆம் என்கிறார். இரண்டும் சரி. அந்தப் பிள்ளை தன் பாவாடையின் ஓரத்தைக் கண்ணருகே பிடித்து நூல்களை எண்ணிப் பார்த்தாள்.

சில இடங்களில் இந்தச் சொல் லேசானதல்ல. 2012 டிசம்பரில் அவுஸ்திரேலியா, சிகரெட் பெட்டிகளிலிருந்து நிறத்தையும் சின்னத்தையும் கவர்ச்சியையும் பிடுங்கிப் 'பிளேன்' பெட்டிகளாக்கியது. சிகரெட் பெட்டி பிளேனாக இருக்க வேண்டும் என்பது உலகில் முதன்முதலாக அங்கேதான் சட்டமானது. பிளேன் உடுப்புக்கு வந்தால், நம் நாட்டுத் தமிழில் அதற்குச் 'சிவில் உடை' என்று பெயர். யூனிபோமில் வருபவரின் இலக்கத்தைப் பார்க்கலாம், எந்தப் பொலிஸ் என்று கேட்கலாம். சிவில் உடையில் வருபவரிடம் எதைப் பார்ப்பது? 1979-இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பிந்திய ஆண்டுகளில், 'சிவில் உடையில் ஆள் வந்தாங்களாம்' என்ற ஒரு வரி லயத்துக்கு லயம் பரவினால் போதும், கதவுகள் சாத்திக்கொள்ளும். அங்கே இல்லாமற் போனது சட்டை மட்டுமல்ல, கேள்வி கேட்கும் வாய்ப்பும்தான்.

இனி தேயிலைக்கு வருகிறேன். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர், கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். 1883-இல் கொழும்பில் ஏலம் தொடங்கியது. அன்றிலிருந்து நம் மலையின் தூளுக்கு என்ன விலை என்பதை, அதைச் சுவைத்துப் பார்ப்பவரின் சொல்லும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். சர்வதேசத் தர விதிப்படி 100 மில்லிலீட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் ஊறல். சுவைப்பவர் ஒரு கரண்டிச் சாயத்தைச் சத்தத்தோடு உறிஞ்சி, நாக்கில் புரட்டி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார். அவர் வாயிலிருந்து 'பிளேன்' என்று வந்தால் அது பால் கலக்காதது என்ற பொருளில் அல்ல. சுத்தமாக இருக்கிறது, குற்றமில்லை, ஆனால் எடுத்துச் சொல்ல ஒரு குணமும் இல்லை என்பது அதன் பொருள்.

ஏன் அப்படி ஆகிறது? முற்றல் இலை சேர்ந்தால் ஆகும். மழை பெய்து கொழுந்து மளமளவென்று வளரும் காலத்திலும் ஆகும். உலர்ந்த காற்று வீசி வளர்ச்சி மட்டுப்படும் மாதங்களில்தான் வாசனை கூடுகிறது. ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை, திம்புளைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை அந்தக் காலம். கொழுந்து பொங்கி வரும் நாட்களில் கூடை நிறைந்து முதுகை அழுத்தும், அட்டை காலில் ஏறும், சேலைக்கு மேல் கட்டிய படங்கு நனைந்து கனக்கும். ஆக, உழைப்பு அதிகமான மாதத்துத் தூளுக்குத்தான் அந்த மேசையில் 'பிளேன்' என்று பெயர் விழுகிறது. கோப்பையில் எது இல்லை என்று சுவைப்பவருக்குத் தெரியும். அதில் எவ்வளவு இருக்கிறது என்பது கூடை சுமந்தவளுக்குத்தான் தெரியும்.

பால் கலக்காத தேநீரை நம் தோட்டத்துப் பெரியவர்கள் பிளேன்டீ என்று சொன்னதில்லை. 'சாயத் தண்ணி' என்றார்கள். இந்த இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் 'சாயத் தண்ணி' என்ற சொல்மேல் பெரிய மரியாதை. ஆங்கிலம் கோப்பைக்குள் பார்த்துப் பால் இல்லை என்கிறது. நம் தமிழ் அதே கோப்பைக்குள் பார்த்துச் சாயம் இருக்கிறது என்கிறது. விடியற்காலையில் உள்ளங்கையில் ஒரு கரண்டிச் சீனியை வைத்து நக்கிக்கொண்டு, அந்தச் செம்பழுப்புச் சூட்டை ஒரு மிடறு உறிஞ்சிவிட்டு மலையேறியவர்கள் வைத்த பெயர் அது. இருப்பதைச் சொல்லும் பெயர். பிள்ளைகள் இரண்டு பெயரையும் தெரிந்திருக்க வேண்டும்.

'பிளேன்' என்ற சொல்லின் மூலம் இலத்தீனில் இருக்கிறது. மட்டமானது, மேடுபள்ளம் இல்லாதது என்பதுதான் முதற்பொருள். கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கும் மேலே மேகத்துக்குள் கிடக்கும் ஹோட்டன் சமவெளிக்கும் அந்தப் பெயர் அதனால்தான். தச்சர் பலகையை மட்டமாக்கும் சீவுளிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும் அதே வேரிலிருந்து வந்தது. 'விளக்கிச் சொல்' என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள 'எக்ஸ்பிளேன்' என்ற சொல்லுக்குள்ளும் அந்த வேர் இருக்கிறது. மேடுபள்ளத்தைச் சீவி மட்டமாக்கு என்பதுதான் அதன் ஆதிப்பொருள். அப்படியானால், ஒருவருக்கு ஒன்றை விளக்குவது என்பது அவர் நடக்க வழியைச் சமன்செய்து கொடுப்பது. மலையில் பிறந்து நடந்தவனுக்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை.

1948-இல் இலண்டனில் ஒரு சிறு நூல் வந்தது. பெயர் 'பிளேன் வேர்ட்ஸ்', எளிய சொற்கள். அரச அலுவலர்கள் மக்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்பதற்காக, பிரித்தானியத் திறைசேரி கேட்டுக்கொண்டபடி சேர் எர்னஸ்ட் கவர்ஸ் எழுதியது. அதே 1948-இல், நவம்பரில், கொழும்பில் 18-ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டுத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானது அதனால்தான். மறுவருடம் வந்த சட்டத்தின் கீழ், குடியுரிமை கேட்டு ஏறக்குறைய எட்டு இலட்சம் பேருக்காக மனுக்கள் போயின. நிராகரிக்கப்பட்டவையே மிக அதிகம். 1964-இல் இந்தியாவுடன் செய்த ஒப்பந்தம் நம்மை இரண்டு நாடுகளுக்கும் எண்ணிக்கையாகப் பிரித்தது. அந்தக் கணக்குத் தீர 2003 வரை ஆனது. எளிய சொல்லில் எழுதியிருந்தால் அந்தச் சட்டம் நியாயமாகியிருக்காது. ஆனாலும், தன்னை என்ன செய்கிறார்கள் என்பதைத் தன் மொழியில் அறியும் உரிமை ஒரு மனிதருக்கு உண்டு. அதுகூட நம்மவர்களுக்கு அன்று கொடுக்கப்படவில்லை.

1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. இருந்தும், இன்றும் தமிழில் வரும் படிவங்கள் சிலவற்றை நானே இரண்டு முறை வாசிக்க வேண்டியிருக்கிறது. எழுத்து தமிழ், வாக்கியம் கரடுமுரடு. எழுதுகிறவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: வழியைச் சீவி மட்டமாக்குங்கள்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளை பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பழைய கடிதத்தைக் கொண்டுவந்தாள். அவளுடைய அப்பாயியின் தகரப் பெட்டியில் இருந்ததாம். மடிப்பெல்லாம் கிழிந்து, தட்டச்சு எழுத்து மங்கிப் போயிருந்தது. ஆங்கிலம். அப்பாயியின் தகப்பனார் குடியுரிமைக்குப் போட்ட மனுவுக்கு வந்த பதில். வாசிக்கத் தெரிந்தவர்களைத் தேடி அவர் அதை நாலு தோட்டத்துக்குக் கொண்டுபோனாராம். ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்களாம்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பிரித்தோம். முக்கால் மணித்தியாலம் ஆனது. கடைசியில் அவள் கொப்பியில் தமிழில் மூன்று வரி எழுதினாள். உங்கள் மனுவைப் பார்த்தோம். இந்த நாட்டில் தொடர்ந்து இருந்ததற்கான அத்தாட்சி போதாது. அதனால் பதிய முடியாது.

மறுவாரம் வந்ததும் கேட்டேன்: "அப்பாயிக்கு வாசிச்சுக் காட்டினியா?"

"ஓ சேர். ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னாங்க." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். "பெறகு, 'இவ்வளவுதான் எழுதியிருந்துச்சா'ன்னு கேட்டாங்க."