கேட்ட வன்னி பேச வேண்டாமா?

தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். கவிழ்த்து வைத்த சைக்கிளின் மிதிகட்டையை ஒருவர் சுற்ற, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலி பேசியது. லண்டனிலிருந்து வந்த பிபிசி தமிழோசையைக் கேட்க இரவில் அயலவர் கூடினர். அந்த வானொலிச் சேவையும் 2017 ஏப்ரலுடன் நின்றுபோயிற்று.

பொழுது சாய்ந்தால் தொலைதூர நிலையங்கள் தெளியும் என்பதை அந்நாள் நேயர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர். பகலில் சூரிய ஒளியால் 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில் உருவாகும் டி அடுக்கு, குறைந்த அதிர்வெண் அலைகளை உறிஞ்சிவிடுகிறது. இரவில் அது கலைய, அலைகள் மேலுள்ள எஃப் அடுக்கை எட்டி வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் அப்பாலும் தரையிறங்குகின்றன. அமெச்சூர் வானொலியாளரின் 80, 160 மீற்றர் அலைவரிசைகளுக்கும் இதுவே விதி. இடிமின்னல் இரைச்சல் நம் பகுதியில் பெரும் இடையூறு. மாரி ஓய்ந்த தை, மாசி இரவுகள் கைகொடுக்கும்.

ஆனால், வன்னி கேட்டதேயன்றிப் பேசவில்லை. ஒலிபரப்பும் கருவியைப் போர்க்காலத்தில் பொதுமகன் வைத்திருப்பது நினைத்தும் பார்க்க முடியாதது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. அதே பேரழிவில் தெற்கே அம்பாந்தோட்டையில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, இலங்கை வானொலிச் சங்கத்தின் விக்டர் குணதிலக்கவும் தோழர்களும் சிற்றலைக் கருவிகளால் கொழும்புடன் தொடர்பு ஏற்படுத்தினர். முல்லைத்தீவுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

இன்று கைத்தொலைபேசி இருக்கிறதே என்பீர்கள். மின்சாரம் நின்று கோபுரம் ஓய்ந்தால் அதுவும் ஊமைதான். 80 மீற்றருக்கு இரு பனைகளுக்கிடையே சுமார் 40 மீற்றர் கம்பியும் ஒரு கார் பற்றரியும் கருவியும் போதும். தாழக் கட்டினால் அலை ஏறக்குறைய நேர்மேலே சென்று திரும்பி, கொழும்பு வரையுள்ள வட்டாரத்தை நிரப்பும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இயங்குகிறது. வவுனியா 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் தேர்வெழுதி அமெச்சூர் உரிமம் பெற அங்குள்ள மாணவர்களை ஊக்குவிக்கலாம். புலம்பெயர்ந்தோர் கருவிக்கு உதவலாம், சுங்கமும் உரிமமும் முறையாக இருக்கட்டும்.

சைக்கிள் மிதித்து உலகைக் கேட்டவர்களின் பிள்ளைகள், அடுத்த பேரிடரிலாவது தம் குரலில் உதவி கேட்கவேண்டும். அதற்கான பயிற்சி அமைதியான நாளில்தான் தொடங்க முடியும்.