உளவியலுக்கு அரசுப் பல்கலைக்கழகம் போதாதா?

"அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிப்பது வீண், பணம் கட்டித் தனியாரில் சேருங்கள்" என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தியாவில் இந்தத் துறையை வளர்த்தது யார்? உளவியல் துறை 1916இல் கல்கத்தாவிலும், 1924இல் மைசூரிலும், 1943இல் சென்னையிலும் தொடங்கியது. மூன்றும் பொதுப் பல்கலைக்கழகங்கள். லண்டனில் உளவியலாளர் ஸ்பியர்மனிடம் ஆய்வு செய்து திரும்பிய எம்.வி. கோபாலசாமி மைசூரில் துறையைத் தொடங்கினார்.

பாடத்திட்டம் பழையது, ஆய்வகக் கருவிகள் பழுது, ஆசிரியர் பணியிடங்கள் காலி என்கிறார்கள். பல இடங்களில் உண்மைதான். அதற்கு மருந்து பணியிடங்களை நிரப்புவது. மாணவரை லட்சக்கணக்கில் கடனாளியாக்குவது அல்ல.

முதுகலைப் பட்டம் எங்கே வாங்கினாலும், அதை மட்டும் வைத்து ஒருவர் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த பயிற்சியும் அதன் பதிவும் வேண்டும். தனியார் வளாகத்தின் கண்ணாடிச் சுவர் அந்தப் பதிவைத் தராது.

2025இல் உளவியலைத் தொலைநிலையில் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு தடை விதித்தது. வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களுக்கு அந்தக் கதவும் அடைபட்டது. இனி ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மிஞ்சியிருப்பது அரசு வகுப்பறை ஒன்றுதான். அதை வீண் என்று சொல்லாதீர்கள். அங்கே ஆசிரியரை நியமிக்கச் சொல்லி எங்களோடு சேர்ந்து கேளுங்கள்.